பின்லாந்துப் பாட்டும் நான் அடிக்காத சட்டையும்

பிள்ளைகளே, அன்றைக்கு நம் பிரிண்டிங் கடையில் நான் போட்ட சத்தம் பழவங்காடி முக்கு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அதற்கு வருத்தம் சொல்ல இதை எழுதவில்லை. என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. வாயால் சொன்னால் கத்தலாகிவிடுகிறது; பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுதியாவது பார்க்கிறேன்.

மகனே, காலேஜ் மேடையில் போட்டுக்கொண்டு பாட்டு வாசிக்க என்று நீயும் உன்கூடப் படிக்கிற மலையாளிக் கூட்டுக்காரனும் வெறும் கறுப்பு டி-ஷர்ட்டுகளோடு வந்தீர்கள். முன்னால் கொம்பு வைத்த ஆட்டுத்தலை, முதுகில் தெரியாத பாஷையில் நாலு வரி அடிக்க வேண்டுமாம். பின்லாந்தில் மெட்டல் என்று அலறிப் பாடுகிற ஒரு குழுவின் பாட்டு என்றாய். ஆட்டுத்தலைக்கு நான் முகம் சுளித்தேனா? சுடலைமாடன் கோயில் கொடையில் கிடாவெட்டு பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பயமா? ஸ்க்ரீன் பிரிண்ட் அடிக்கிறவன் எழுத்தை வாசித்துக்காட்டி, சரி வாங்கின பிறகுதான் மையைத் தொடுவான். பிழை விழுந்தால் துணிக் காசு நம் தலையில். அதனால்தான் கேட்டேன்: "இதுக்கு என்னலே அர்த்தம்?"

உனக்கும் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. "கேக்க நல்லா இருக்குப்பா" என்றாய்.

மகளே, நீதான் என் போனை வாங்கி அர்த்தம் தேடினாய். முதல் இரண்டு வரி பனி, காடு, இருட்டு. மூன்றாவதை மறுபடி ஒருதரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாசித்தாய். ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி, அவர்களை எரித்த சாம்பல் எங்கள் வயலுக்கு உரம், பிள்ளைகளையும் விடாதே என்று இருந்தது.

"அண்ணா, இதையா முதுகுல போட்டுட்டு நடக்கப் போற?"

"அந்த ஊர்லயே இதுக்குச் சண்டை நடந்திருக்கு. சில இடத்துல மேடையே குடுக்கல. அதுலதான் இவங்க ஃபேமஸ்" என்று நீ பெருமையாகச் சொன்னாய், மகனே. உன் கூட்டுக்காரன் சிரித்தான். "ஆளுகளை ஞெட்ட வைக்க, அதிர வைக்க எழுதினதாக்கும் அங்கிளே. சும்மா தமாஷ்."

தமாஷ்! அந்தச் சொல்லில்தான் எனக்கு நிதானம் பிடிவிட்டது. நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இந்த மலையாளத்து ஊரில், கிழக்கேகோட்டையில் இறங்கின காலம் முதல், தமிழன் என்ற இளக்காரத்தில் என்னை "பாண்டி" என்று விளித்த ஒவ்வொருத்தனும் தமாஷ் என்றுதான் சொன்னான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்தினதும் தமாஷ். சிரிக்க வேண்டியது நான். ஆனால் என் வீட்டை எவனும் எரிக்கவில்லை. அந்த வரியில் உள்ளவர்களை நிஜமாகவே எரித்தார்கள், பச்சைப்பிள்ளைகளோடு. அதைப் பாட்டாக்கிவிட்டு, கேட்டால் தமாஷாம். அர்த்தம் தெரியாமலே என் மகன் அதைச் சுமப்பானாம்.

"எலெக்ஷனுக்கு ரெண்டு கட்சிக்கும் கொடி, பேனர் அடிக்கிறீங்களே, அந்தப் பொய்யெல்லாம் பரவாயில்லையா?" என்று கேட்டாய், மகனே.

"பொய்யனுக்கு ஓட்டுப் போடாம இருக்கலாம்லே. இந்த வரியில பேரு உள்ளவன் என்ன செய்வான்?"

அந்தப் பதில் நன்றாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கத்தல்.

"ஆட்டுத்தலையை அடிச்சுத் தாறேன். அந்த வரி என் கடையில ஏறாது."

"வேண்டாம். சாலை பஜார்ல வேற கடையில அடிச்சுக்கறோம்." சட்டைகளை வாரிக்கொண்டு படியில் நின்று திரும்பினாய். "ஒரு பாட்டாவது கேட்டிருக்கீங்களாப்பா? கேக்காமலே கத்துறீங்க."

தங்கச்சி உன் பின்னால் ஓடினாள்.

கேட்டதில்லை. அது மெய்தான். நீங்கள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அர்த்தம் தேடினபோது போனில் வந்து கிடந்த அந்தப் பாட்டைப் போட்டேன். நின்றபடியே முழுசும் கேட்டேன். ஒரு சொல் பிடிபடவில்லை. கொட்டு மட்டும் அசத்தலாக இருந்தது. இத்தனை நன்றாகக் கொட்டத் தெரிந்தவனுக்கு இந்த வரிதானா கிடைத்தது என்று இன்னும் ஆத்திரம் ஏறியது. முடிந்ததும், அந்தக் கொட்டுக்காக மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.