பூனை பார்க்க வந்தவர்

நான் வீட்டு ஏஜெண்ட். வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். சமைப்பீர்களா? பிராணி வளர்க்கிறீர்களா? இரண்டுக்கும் இல்லை என்பவருக்கு சிங்கப்பூரில் வீடு தானாக வந்து நிற்கும். இரண்டுக்கும் ஆமாம் என்றால் என் செருப்புதான் தேயும். தங்கம் அக்கா இரண்டுக்கும் ஆமாம். அதிலும் அந்த இரண்டாவது ஆமாம், பதினான்கு வயதான ஒரு தடி மஞ்சள் பூனை. பெயர் கபிலன்.

வேறு யாராவது என்றால் "பார்க்கிறேன்" என்று சொல்லி நழுவியிருப்பேன். தங்கம் அக்காவிடம் அது நடக்காது. குவீன்ஸ்டவுனில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் நான் வளர்ந்தேன். சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவமனையின் கவுன்டரில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருப்பவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்வலியில் துடித்துக்கொண்டு வருபவரைக்கூட, "நம்பர் எடுத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார். அவ்வளவு கறார். அப்படிப்பட்டவர் ஒரு மழைநாளில் கீழ்த்தளத்திலிருந்து நனைந்த பூனைக்குட்டியை மார்க்கெட் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு ராத்திரிதான் ரோஷினி. காலைல யார்கிட்டயாவது குடுத்துடுவேன்" என்றார். அந்த ராத்திரி இன்னும் விடியவில்லை.

அப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது. அது சட்டம். எங்கள் மாடியில் அது எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். தங்கம் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கோ அங்கிளுக்கும் தெரியும். மாதாமாதம் வந்து உட்காருவார், கால்சட்டையில் ஒட்டிய மஞ்சள் முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே மழையைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். எனக்கு இப்போதும் அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

பூனைக்கு மனிதப் பெயர் வைத்ததும் காரணமாகத்தான். "கபிலா, சாப்பிட வாடா!" என்று சத்தம் போட்டால் கேட்பவர்கள் பிள்ளை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை கணக்கெடுக்க வந்த பெண், "மகன் எங்கே?" என்று கேட்டுவிட்டார். தங்கம் அக்கா கண்ணே சிமிட்டாமல், "டியூஷன் போயிருக்கான்" என்றார். அதற்கு மேல் இந்த ஊரில் யார் கேள்வி கேட்பார்கள்?

ஆனால் உண்மையான காவல் மர்யம் அக்காதான். லிஃப்டை ஒட்டிய மூலை வீடு அவருடையது. கதவைத் திறந்துபோட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் வெங்காயம் உரிப்பார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு யாராவது லிஃப்டை விட்டு இறங்கினால் போதும். "ஐயோ, கறி அடிப்பிடிக்குதே!" என்று மாடியே அதிரக் கத்துவார். அடுப்பில் கறியே இருக்காது. அந்தக் குரல் கேட்டதும் தங்கம் அக்கா கபிலனைத் தூக்கி, சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் அரிசி வாளிக்குப் பக்கத்தில் விட்டுவிடுவார். பின்பலகை உடைந்த அலமாரி அது. அதற்குப் பின்னால் புகுந்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான்.

வந்தவர் போனதும் மர்யம் அக்கா சாவிக்கொத்தோடு வருவார். சாவியால் இரும்புக் கேட்டில் தட்டுவார். வேகமாக இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. கபிலன் அம்பாக வெளியே பாய்வான். அவர் கையில் பொரித்த நெத்திலி இருக்கும்.

உண்மையைச் சொன்னால், அதிகாரி வந்தது அபூர்வம். வந்தவர்கள் எல்லாம் கொசு மருந்து அடிப்பவர்கள், இன்சூரன்ஸ் விற்பவர்கள், தேர்தல் நேரத்தில் கைகுலுக்க வருபவர்கள். மர்யம் அக்காவுக்கு எல்லாரும் ஒன்றுதான். எல்லாருக்கும் கறி அடிப்பிடித்தது. நாளாக ஆக, கபிலனைத் தூக்கி விடவே தேவையில்லாமல் போயிற்று. அந்தக் கத்தல் கேட்டாலும், பெல் அடித்தாலும் அவனாகப் போய் ஒளிந்துகொள்வான். சட்டத்துக்கு அவ்வளவு பயந்த ஒரு பூனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிரித்து மாளாது எங்களுக்கு. அந்த மாடியில் இருந்த மாதிரி நான் அதற்குப் பிறகு எங்கும் இருந்ததில்லை. இப்போது பொங்கோலில் இருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

2024-இல் சட்டம் மாறியது. பூனை வளர்க்கலாம், உரிமம் எடுத்தால் போதும். தங்கம் அக்கா முதல் ஆளாக எடுத்தார். கபிலனைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தாழ்வாரத்தில் நடந்தார். பார்க்கத்தான் மர்யம் அக்கா இல்லை. அதற்கு முந்தைய வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த சில நாளில் மாரடைப்பில் போய்விட்டார். இருந்திருந்தால் அன்றைக்கு நிஜமாகவே கறி சமைத்திருப்பார்.

அடுத்த வருடம் கோ அங்கிளும் போனார். பிள்ளைகள் வீட்டை விற்கிறார்கள், வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒளித்து வைத்த காலமெல்லாம் ஒரு மாடியே சேர்ந்து காப்பாற்றிய பூனைக்கு, சட்டம் சரி என்று சொன்ன பிறகு ஒரு கதவும் திறக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சைனாடவுன் பக்கம் ஓர் அம்மா, சோபா தோல் சோபா என்றார். உட்லண்ட்ஸில் ஒருவர் பூனை சரி, சாம்பார் வேண்டாம் என்றார். நம் ஆள் ஒருவர், தேக்காவில் கடை வைத்திருப்பவர், "காலைல கிளம்புறப்போ குறுக்க வந்துச்சுன்னா யாவாரம் என்னத்துக்கு ஆவுறது?" என்றார். அவர் இருப்பது பிடோக்கில். வாடகைக்கு விடும் வீடு தீவின் மறுகோடியில், ஜூரோங்கில். பூனை பஸ் பிடித்துப் போய்த்தான் குறுக்கே வரவேண்டும்.

தங்கம் அக்காவின் தம்பி போன் செய்து, பூனையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார். "வயசான பூனைய யாரும் எடுக்க மாட்டாங்க. கூண்டுலயே செத்துப்போவான். அவன விட்டுட்டு நான் எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டுத் தங்கம் அக்கா போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நவம்பர் பிறந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் ஜெயரத்தினம் சார் கிடைத்தார். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் யாழ்ப்பாணம். மனைவி போனபின் புக்கிட் பாத்தோக்கில் மகளோடு இருக்கிறார். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் அவருடைய வீடு காலியாக இருந்தது. தங்கம் அக்கா அங்கிருந்து வேலைக்கு நடந்தே போகலாம்.

"வீட்டைப் பிறகு காட்டுறன். முதல்ல பூனையை நான் பார்க்கோணும்" என்றார்.

"போட்டோ அனுப்புறேன் சார்."

"போட்டோவில எல்லாப் பூனையும் நல்ல பூனைதான் பிள்ளை. நேர்ல வாறன். முன்னம் இருந்த ஆள் நாய் இல்லையெண்டு சொல்லிப்போட்டு ஒரு நாயை ஒளிச்சு வைச்சிருந்தவர். நாய் எனக்குக் கரைச்சல் இல்லை. ஒளிப்புத்தான் பிடிக்காது."

சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. தங்கம் அக்கா வீட்டைத் துடைத்தார், கபிலனைச் சீவிவிட்டார், கேசரி கிளறினார். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்கம்மா இவ்வளவு பதறல லா" என்றார். எனக்கும் சிரிப்புதான். இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவே இல்லை.

ஜெயரத்தினம் சார் நேரம் தவறாமல் வந்து பெல்லை அடித்தார்.

கூடத்தில் நடுநாயகமாகப் படுத்திருந்த கபிலனைக் காணோம்.

கூப்பிட்டோம். டின் மீனைத் திறந்து வைத்தோம். நான் தரையில் படுத்து, கைபேசி வெளிச்சத்தை அலமாரிக்குள் அடித்துப் பார்த்தேன். அரிசி வாளியும் இருட்டும்தான். கடைசியில் ஜெயரத்தினம் சாரே முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கேசரியைத் தொடவில்லை.

"இப்பிடி ஓடி ஒளிக்கிற பூனையை நான் காணேல்லை. அடிக்கிறனீங்களோ?"

தங்கம் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அடிக்கிறதா? நானா?" என்றார். "ஒளிய சொல்லிக் குடுத்தோம் சார். நாங்கதான். இத்தன வருஷம் பயந்து பயந்து வளத்தேன். இப்ப ஒளிய வேணாம்டான்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எல்லாவற்றையும் சொன்னார். கபிலனுக்குப் பெயர் வைத்தது, அடிப்பிடிக்காத கறி, மர்யம் அக்காவின் சாவி, எல்லாம். ஒளிப்பு பிடிக்காத மனிதரிடம் இத்தனை வருட ஒளிப்பையும் கொட்டுகிறாரே என்று தங்கம் அக்காவுக்குக் கண்ஜாடை காட்டினேன். கிடைத்த ஒரே வீடும் போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்ப சாவியைத் தட்டினா வருவானே. ஏன் தட்டேல்லை?" என்று கேட்டார் அவர்.

தங்கம் அக்கா தன் கைப்பையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். மர்யம் அக்கா போன கொஞ்ச நாளில் மூலை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், கேட்டில் சாவியை உரசியிருக்கிறார். கபிலன் பாய்ந்து ஓடி வாசலில் உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டும் அசையவில்லை. லிஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை இருந்தான். அன்றிலிருந்து தங்கம் அக்கா தன் சாவியைத் துணிப் பர்சுக்குள் வைத்து ஜிப் போட்டுத்தான் எடுத்துப் போகிறார், சத்தம் வரக்கூடாது என்று.

அந்தப் பர்சை இப்போது அவர் கையில் எடுத்தார். ஜிப்பைத் திறந்தார். என்னிடம் நீட்டப் போனவர், பிறகு தானே கேட்டருகே போய்த் தட்டினார். வேகமாக இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

மீசையில் ஒட்டடையோடு கபிலன் வந்தான். ஜெயரத்தினம் சாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் கால்களுக்கு நடுவே புகுந்து நேரே கேட்டுக்குப் போனான். கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, மூலை வீட்டைப் பார்த்து ஒரே ஒரு குரல் கொடுத்தான்.

"போதும்டா கபிலா. உள்ள வா" என்று தங்கம் அக்கா அவனை வாரி எடுத்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. ஏஜெண்ட் அழுதால் கமிஷன் போகும் என்பார்கள், போகட்டும்.

ஜெயரத்தினம் சார் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு கேசரியை எடுத்துத் தின்றார்.

"ஜன்னலுக்கு வலை அடிக்கோணும்" என்றார், காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே. "அடிச்சு முடிஞ்சதும் குடி வாங்கோ."

டிசம்பரில் குடி போனார்கள். புது வீடு கபிலனுக்குப் பிடிக்கவில்லை. தேக்கா எப்போதும் சந்தடி. பக்கத்து வீடுகளுக்கு யாராவது சாமான் கொண்டுவந்து பெல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பாதி நாள் அலமாரிக்குள்ளேயே கிடந்தான். "கூட்டிட்டு வந்து தப்பு பண்ணிட்டேனா ரோஷினி?" என்று தங்கம் அக்கா தினமும் போனில் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தேன். அவர் அடுப்படியில் இருந்தார். கேட்டில் சாவி தட்டும் சத்தம் கேட்டது. வேகமாக இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

தங்கம் அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. நான் எழுந்தேன். எங்கள் இருவருக்கும் முன்னால் கபிலன் வாசலுக்கு ஓடினான்.

வெளியே ஜெயரத்தினம் சார் நின்றிருந்தார். ஒரு கையில் தன் மகள் வீட்டுச் சாவி. இன்னொரு கையில் காகிதப் பொட்டலம்.

"பெல் அடிச்சா ஒளிஞ்சிடுவானெல்லோ" என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு. "நெத்திலி. மகளைப் பொரிச்சுத் தரச் சொன்னனான். உப்புப் போடேல்லை."

கபிலன் அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தான். வேறு யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, அவர் கையை முகர்ந்து, நெத்திலியைத் தின்ன ஆரம்பித்தான்.

"உள்ள வாங்க சார், கோப்பி கலக்குறேன்" என்றார் தங்கம் அக்கா. அடுப்பைப் பார்க்கத் திரும்பியவர், "ஐயோ, கறி அடிப்பிடிக்குதே!" என்று கத்திக்கொண்டு ஓடினார். நிஜமாகவே அடிப்பிடித்திருந்தது. கபிலன் அசையவில்லை.