சொல்தா வீட்டுக் கல்யாணக் காப்பி

இன்று காலை மருமகள் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள். "தண்ணில மருந்து வாட அடிக்குதுங்க மாமா." எனக்கோ அந்த வாடை இருந்தால்தான் அடுத்த வாய் இறங்கும். கிறுக்கன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

காப்பி என்றாலே சொல்தா வீட்டுக் கல்யாணம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைக் காரைக்கால் பக்கம் சொல்தா என்போம். என் இளவட்ட வயதில் எங்கள் தெரு சொல்தா மகளுக்குப் பாரீஸ் மாப்பிள்ளை. பந்தலில் விடிந்தால் அடைந்தால் காப்பிதான். அதில் பிளீச்சிங் பவுடர் வாடை வரக்கூடாதாம். தெருவுக்குத் தண்ணீர் விடும் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சொல்தா சொல்லியிருக்கிறார்: "கல்யாணம் முடியிற வரைக்கும் மருந்து போடாத. அதுக்குள்ள ஊரு ஒண்ணும் செத்துடாது."

ஊர் சாகவில்லை. என் தங்கை செலின் செத்தாள்.

மழைக்காலம். தெருக்குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடியது, விரிசலோடு. விவரம் தெரியாத நாங்கள் வாடையில்லாத தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்தோம். "எளநியாட்டம் இருக்கு" என்று அம்மாவே மெச்சினாள். பந்தல் பிரிப்பதற்குள் பாதித் தெரு வாந்திபேதியில் படுத்தது. செலினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், பிணமாகத் தூக்கிவந்தோம். மாலையோடு வந்த சொல்தா, "ஆண்டவர் சித்தம்" என்றார். அந்த மாலையை வாங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

ஆபரேட்டர் நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டு வேலையை விட்டார். ஆள் ஆளாகப் பிடித்து அந்த வேலையில் நான் சேர்ந்தேன். வேறு வேலைக்கு லாயக்கில்லாதவன் என்றார்கள். அதிலும் பாதி உண்மை.

டேங்குக்கு அடுத்த முதல் குழாய் சொல்தா வீட்டில். மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது என் வேலைதானே! தினமும் காலையில் அவர் வாசலில் ஒரு தம்ளர் பிடித்து, அவர் மூக்குக்கு நேராக நீட்டுவேன். "மோந்து பாருங்க முசே." முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினாலும் விடமாட்டேன். ஒருநாள் கைத்தடியை ஓங்கினார்.

"இன்னும் எத்தன நாளைக்குடா?"

"செலின் வர்ற வரைக்கும்."

பிறகு அவர் காப்பியையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அந்த டேங்கை இடித்துவிட்டார்கள். தெருவில் இப்போது கேன் தண்ணீர் வண்டி வருகிறது, எங்கள் வீட்டில் மட்டும் புது டேங்கின் குழாய்த் தண்ணீர்தான். மகளோடு பிரான்சுக்குப் போன சொல்தாவை அங்கேயே அடக்கம் செய்தார்களாம். வீடு பூட்டிக் கிடக்கிறது. "இன்னுமா கறுவிக்கிட்டு இருக்கீங்க?" என்கிறாள் என் மனைவி. ஆமாம். ஒரே ஒரு தடவை அவர் மன்னிப்பு கேட்டிருந்தால், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். பாவி மனிதன், கேட்காமலே போய்விட்டான்.