சந்தனம் வைத்த லேப்டாப்

எங்கள் வீட்டில் தங்கை கலைஞர், நான் ஃபேக்டரி. யார் கேட்டாலும் அம்மா அப்படித்தான் சொல்வார்: "சின்னவ கல்யாண வீடியோ எடுக்குறா. பெரியவ பினாங்கு, பத்து காவான்ல ஃபேக்டரி வேலை." அது என்ன வேலை என்று அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. கணினிச் சிப்புகளைச் சூட்டு அறையில் அடுக்கி, எது தாங்குகிறது, எது சாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சூடு என்ன பண்ணும் என்று எனக்குச் சொல்லித்தர இன்னொருத்தர் வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆன் ஆக மாட்டேங்குதுக்கா. கறுப்பு ஸ்கிரீன்ல டிஸ்க் இல்லன்னு வருது."

முந்தின வாரம் அவள் எடுத்த கல்யாணம் முழுக்க அதற்குள் இருந்தது. யாருக்கும் உதவியாளாகப் போகாமல் அவளே பொறுப்பேற்று எடுத்த முதல் கல்யாணம். கேமரா கார்டுகளை மறுநாளே அழித்து, வேறொரு விசேஷத்தை அதன்மேல் எடுத்துவிட்டிருந்தாள்.

"வேற எங்கயும் காப்பி இல்லையா?"

"போடலாம்னு இருந்தேன்."

"நல்லா இருந்த போ!"

எங்கள் மலேசியாவில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பிறகு ஒரு நாள் மண்டபத்தில் டின்னர் வைத்து, கல்யாணப் படத்தைப் பெரிய திரையில் ஓட்டுவார்கள். இந்த டின்னர் வருகிற சனிக்கிழமை. பெண்ணின் அப்பா தினமும் போன் போட்டு, "படம் ரெடியாம்மா? எனக்கு ஒரே பொண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். படம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கேமரா என்று கேட்டவர்கள்தான் சும்மா இருப்பார்களா?

"கம்ப்யூட்டர் கடை அண்ணே விண்டோஸ மறுபடி போட்டா சரியாயிடும்னு சொன்னாருக்கா."

"போட்டியா?"

"இல்ல. உன்கிட்ட கேட்டுக்கலாம்னு..."

"பொழச்சடி!" என்றேன். புதிதாக எதை எழுதினாலும் பழையதின் தலையில்தான் ஏறி உட்காரும். அப்புறம் அந்தக் கல்யாணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காற்று வெளியே போகிற ஓட்டைகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. விசிறியின் இறக்கைகளிலும் அதே. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்! சரஸ்வதி பூஜையன்று அம்மா பட்டை பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக்கூடாது என்று தங்கை அப்படியே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து மூச்சுவிட வழியில்லாமல் உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது, விசிறிக்குப் பக்கத்திலேயே இருந்த எஸ்எஸ்டி, அவள் எடுத்ததையெல்லாம் சேமித்து வைத்திருந்த டிஸ்க்.

"அம்மா, இங்க வந்து பாருங்க உங்க வேலைய!"

அம்மா எட்டிப் பார்த்தார். அசரவில்லை. "பொட்டு வச்சா தாங்காத சாமான எதுக்கு வாங்குறீங்க?"

கோபப்பட வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே, "ஐஸ்பெட்டில வச்சு எடுத்தா சரியாவுமா?" என்று கையை நீட்டினார்.

"ஐயோ, ஈரம் பூத்துடும்மா. தொடாதீங்க!"

ஆனால் பாதி சரியாகத்தான் சொன்னார். சூட்டில் நோய்வாய்ப்பட்டது குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் பேசும். சூயிங்கம் அளவில் இருந்த அந்த எஸ்எஸ்டியைத் தனியே எடுத்து, அலுமினியத் தகடு ஒன்றை மேலே ஒட்டி, ஏர்கோனில் குளிரைக் கூட்டி, மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே திருப்பினேன். என் கணினியில் மாட்டி, வாசிக்க மட்டும், ஓர் எழுத்துகூட எழுதாதபடி திறந்தேன். கோப்புகளின் பெயர்கள் வந்தன. தங்கை அலறியேவிட்டாள்.

"சத்தம் போடாத. எத முதல்ல எடுக்கணும்?"

"தாலி. தாலி மட்டும் வந்தா போதும்லா."

தாலிக் கோப்பு பாதி வந்ததும் டிஸ்க் காணாமல் போயிற்று. கழற்றினேன், ஆறவிட்டேன், மாட்டினேன். விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருள்தான்; ஆனாலும் கொஞ்சம் தருவதும் ஒளிந்துகொள்வதுமாக இருந்தது. பிறகு ஒரு தடவை மாட்டியபோது ஒன்றுமே தெரியவில்லை. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவசரப்படாமல் நன்றாக ஆறவிட்டு மாட்டினேன். வந்தது. கோப்பின் பின்பாதியும் முழுதாக வந்து சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் மற்றதில் பெரும்பகுதியையும் பிடுங்கிவிட்டேன். டிரோனில் எடுத்ததும் ஊஞ்சல் பாட்டும் போயே போய்விட்டன. தங்கை அப்போதே பெண்ணைக் கூப்பிட்டு, எது போயிற்று, ஏன் போயிற்று என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அதில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை மண்டபத்தில் படம் ஓடியது. கெட்டிமேளம் ஒலிக்க, குனிந்த தலையோடு பெண். தங்கையின் கேமரா அவளிடமிருந்து மெல்ல விலகி அவள் அப்பாவிடம் போனது. மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"அப்பா!" மேடையிலிருந்து பெண் கத்தினாள். "அழவே இல்லன்னு சொன்னீங்க!"

மண்டபமே சிரித்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த அழுகை இருந்தது கோப்பின் பின்பாதியில். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத அக்காவிடம், "எடுத்தது என் தங்கச்சி. செத்த டிஸ்க்குலேர்ந்து மீட்டது நான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விடுவேனா? மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

பெண்ணின் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்தபடியே, கணினிக்குப் பின்னால் நின்ற என் தங்கையிடம் வந்தார்.

"அந்த எடத்த இன்னொரு தரம் போடும்மா. நாங்க சேர்ந்து பார்க்கணும்."