கொலுவில் நின்ற சிவப்புக் கோட்டுக்காரன்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருவில் முதலில் கேட்பது, ஈரப் புல்தரைக்குள் மரக்கம்பை அடித்து இறக்கும் சத்தம்தான். சுத்தியல் நாலைந்து முறை விழுந்து ஓயும், உடனே அம்மா அடுப்படியிலிருந்தபடியே, "இன்னைக்கு எந்த வீடுடி?" என்று கேட்பாள், நான் ஜன்னல் திரையை விலக்கி, "விற்பனைக்கு" என்ற பலகை எந்த வீட்டு வாசலில் முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மொன்ட்ரியாலின் மேற்குக் கோடியில், கர்க்லாண்டில், எங்களைத் தவிரத் தெரு முழுக்க இங்கிலீஷ்காரர்கள். மாகாணத்தில் புதிய அரசு வந்து, கடைப் பலகைகளும் அலுவலகங்களும் பிரெஞ்சுக்கு மாற வேண்டும், இனிமேல் வெளியூரிலிருந்து வந்து குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றெல்லாம் சட்டம் போட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சொந்த ஊரில் முதலாளியிடம் பேச அவர்கள் எத்தனையோ காலம் அடுத்தவர் மொழியைத் தேட வேண்டியிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பல்லில் கம்பி கட்டிய டாக்டர் அதைப் பாதியில் விட்டுவிட்டு டொரண்டோவுக்குப் போய்விட்டார் என்பதுதான். என் முன்பல் இன்றும் கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது. அதற்கு மாகாண அரசே பொறுப்பு என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பியானோ டீச்சர் போனார். தேவாலயத்துப் பாட்டுக் குழுவில் ஆண்குரல் இல்லாமல் போயிற்று. வகுப்பில் கடைசி வரிசை மேசைகளை எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். எங்கள் வீட்டில் இவர்களுக்கெல்லாம் "போனவங்க" என்றே பெயர். அதைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கேட்டால், கேட்பவர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு டாசன் போகமாட்டேன் என்றிருந்தார். அவர் மகள் லிண்டா என் வகுப்புத் தோழி, ஒரே தோழி. டாசனும் அப்பாவும் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று அரசாங்கத்தைத் திட்டுவார்கள். புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும், புல் மட்டும் வெட்டுப்படாது. டாசனுக்குக் கோபம் வந்தால் கழுத்து சிவக்கும். அப்பா அதே வசனங்களை இரவுச் சாப்பாட்டின்போது தமிழில் அம்மாவிடம் ஒப்பிப்பார். "நாப்பத்தஞ்சு வயசுல போய் நான் பிரெஞ்சு படிக்கணுமாம் லலிதா, கேட்டியா?"

அம்மா கேட்டுக்கொள்வாள். ஆனால் அவள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவர்களுக்கென்று நடந்த மாலை வகுப்பில், கிரேக்கப் பெண்களோடும் ஹெய்ட்டியிலிருந்து வந்த பெண்களோடும் உட்கார்ந்து கத்திக் கத்திப் பாடம் சொல்லிவிட்டு, முகம் மலர்ந்து திரும்புவாள். "இங்கிலீஷ்ல நான் வாயத் திறந்தா எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுடறாங்க. அங்க எல்லாருமே தப்புத்தான். நிம்மதியா இருக்கு" என்பாள்.

அந்த வசந்தத்தில் ஒரு நாள், டாசன் வீட்டு வாசலில் நீள மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பீங்கான் பெண்கள், கண்ணாடி அன்னங்கள், பூச்சாடிகள் எல்லாம் வரிசையாக அடுக்கியிருப்பதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேண்டாத பழைய பொருள்களை வாசலில் வைத்து விற்கும் "கராஜ் சேல்" அது, எங்கள் தெருவில் நடந்த முதலாவது. அம்மாவுக்கு அப்படியொன்று உண்டென்றே தெரியாது. வெள்ளைத் துணிமேல் பொம்மை அடுக்கி, தெருவில் போவோர் வருவோரெல்லாம் வந்து பார்த்துப் போனால் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? "இவங்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் இருக்கு பாரேன், இத்தன வருஷமாச் சொல்லவே இல்லையே" என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டில் வாழைப்பழமும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு கொலு பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

மிஸஸ் டாசன் திகைத்துப்போனார். பொருள் வாங்க வந்த கூட்டம் பட்டுப்புடவையை வேடிக்கை பார்த்தது. எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த அம்மாள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் மேசையைச் சுற்றிலும் பார்த்து, அரண்மனைக் காவலன் பொம்மை ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். முழ உயரம், சிவப்புக் கோட்டு, தலையில் கரடித்தோல் தொப்பி, தோளில் துப்பாக்கி. "நாங்கள் போகவில்லை, நிலவறையைச் சுத்தம் செய்கிறோம், அவ்வளவுதான்" என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்.

கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது அம்மா கடைப்பிடித்த வழக்கம். மொன்ட்ரியாலில் அதற்கு எங்கே போவது? ஊரிலிருந்து பெட்டியில் வந்த மரப்பாச்சி ஜோடியும் மூக்குடைந்த செட்டியாரும் தசாவதாரமுமாக எங்கள் கொலு மூன்று படியிலேயே நின்றிருந்தது. விஷயம் புரிந்த பிறகு அம்மா ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. கிளம்பிப்போகிறவர்களின் வாசலிலிருந்து ஆட்டுக்குட்டியை அணைத்த பீங்கான் பெண்ணும், குடை பிடித்த கிழவரும், முழு இசைக்குழுவாகப் பூனைகளும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு அரசின்மேல் கோபம் ஏற ஏற எங்கள் கொலுவும் படி ஏறியது. அந்த நவராத்திரிக்கு ஏழு படி. காவலனை அம்மா மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

"எந்த அரசாங்கத்து ஆள் இவன்?" என்றார் அப்பா.

"நம்ம வீட்டு ஆள். காவலுக்கு நிக்கறான்" என்றாள் அம்மா.

அப்பாவால் சிரிக்க முடியவில்லை. அவர் பொறியாளராக இருந்த நிறுவனம் டொரண்டோவுக்கு மாறுவதென்று முடிவாகிவிட்டது; கூட வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்; நவராத்திரி முடிந்த வாரம் பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் வேலை இல்லை. "போயிடலாம் லலிதா. இங்க இனிமே நமக்கு என்ன இருக்கு?" என்று அவர் தினமும் கேட்டார். அம்மா சுண்டலுக்குத் தேங்காய் துருவினாள். நாங்கள் போய்விட வேண்டும் என்றே நானும் வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் டாசன் வீட்டு வாசலிலும் அதற்குள் பலகை முளைத்து, வீடும் விலைபோய், அவர்கள் டொரண்டோவுக்குப் போக விஜயதசமிக்கு மறுநாள் லாரி வருவதாக இருந்தது.

விஜயதசமி அன்று மாலை மிஸஸ் டாசன் லிண்டாவோடு விடைபெற வந்தார். கொலுவுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு படியாகப் பார்த்தார். இது அந்த முனைவீட்டு அம்மாளின் பொம்மை, இது பியானோ டீச்சருடையது என்று அவரால் பெயர் சொல்ல முடிந்தது. மேல்படியில் காவலனைக் கண்டார்.

"என் மாமனார் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. நான் இதைப் பூச்சாடிகளோடு வெயிலில் போட்டிருந்தேன். நீங்கள் தெய்வத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்" என்றார். கண் நிறைந்துவிட்டது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "வரும் வசந்தத்தில் நீங்களும் வாசலில் மேசை போடுவீர்கள். இந்தத் தெருவில் எல்லோரும் போட்டாயிற்று" என்றார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள். "என்னங்க, அவங்ககிட்டச் சொல்லுங்க. கொலுப் படி ஏறின பொம்மைய விக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதையெல்லாம் நாங்கள் விற்பதில்லை, மிஸஸ் டாசன்" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு, "வீட்டையும் விற்கப்போவதில்லை" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லிண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆரத்தி முடிந்ததும், கொலு நிறைவுக்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். எப்போதும் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்போம். அன்று அம்மா காவலனை எடுத்தாள். "பாவம், ரொம்ப நாளா நின்னுட்டே இருக்கான்" என்று அவனை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தாள். "செத்துப்போயிட்டானா?" என்று லிண்டா என் காதில் கேட்டாள். நான் அதைத் தமிழில் கேட்டதும், "சேச்சே, தூங்கறான். காலைல எழுந்துப்பான்" என்றாள் அம்மா. அதை லிண்டாவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது பக்கத்து வீட்டில் திரைச்சீலைகூட இல்லை.

அப்பா சில மாதங்கள் வேலையில்லாமல் இருந்தார். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, காலையும் மாலையும் பஸ்ஸிலும் மெட்ரோ ரயிலிலும் பிரெஞ்சுப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தார். பாடம் ஒப்பிப்பது அம்மாவிடம். கடைசிவரை அவர் பிரெஞ்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள்; அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்பாவும் அம்மாவும் இன்று இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் மூடப்பட்டு முதியோர் இல்லமாகிவிட்டது. வேலியோரப் பேச்சும் போயிற்று. அன்று டாசன் கழுத்து சிவக்கத் திட்டிய சட்டத்தின் கீழேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தெருவில் மூன்று மொழியை ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிறார்கள். அதே வீட்டில் நான் கொலு வைக்கிறேன்.

போன விஜயதசமிக்கு லிண்டா வந்தாள். தலை நரைத்துவிட்டது. டொரண்டோவில் அத்தனை வருஷம் இருந்தும், தன் அஸ்தியை மொன்ட்ரியாலில்தான் புதைக்க வேண்டும் என்று மிஸஸ் டாசன் சொல்லியிருந்தாராம். காலையில் அந்தக் காரியத்தை முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்தவள் மேல்படியைத்தான் முதலில் பார்த்தாள். கோட்டின் சிவப்பு வெளுத்து, தொப்பியில் அங்கங்கே முடி உதிர்ந்து, அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டேன். விற்கத்தான் கூடாது, கொடுக்கலாம். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

ஆரத்தி முடிந்ததும் நான் கேட்காமலே அவள் எழுந்துபோய் அவனை எடுத்து, தொப்பி நசுங்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். கையை அவன்மேலிருந்து எடுக்கவில்லை.

"காலையில் எழுந்துவிடுவான், இல்லையா?" என்றாள்.

எழுந்துவிடுவான் என்றேன்.