கப்பல்காரனுக்கு ஒரு பக்கம்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதத்தில், கனடாவின் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடக்கும் ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கை. பன்னிரண்டு வயதில் கப்பலேறி, கப்டனாகி, கரைக்கு வந்தபின் நாவல்களாக எழுதித் தள்ளியவர். பகலில் பிறம்ரன் நகரத்து வேர்ஹவுஸ் ஒன்றில் பெட்டி அடுக்கினேன். போகவர பஸ்ஸில் அவருடைய புத்தகங்களை வாசித்தேன். என்னை எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான்.

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய ஒரே தம்பி வன்னியில். மாசியில் கடைசியாகப் போன் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. அப்போது சனம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. காணாமற்போனவரின் படத்தைப் பத்திரிகையில் போடுவார்கள். போரிலிருந்து தப்பிவந்த சனத்தை அடைத்துவைத்த முகாமில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அங்கே யாரோ ஒளித்து வைத்திருக்கும் போனில் விசாரிப்பார்கள். அப்படிச் சிலர் கிடைத்தும் இருந்தார்கள்.

அக்கா தன் தம்பியின் படத்தை என்னிடம்தான் தந்தார். "தம்பி, இந்தக் கிழமையே போடச் சொல்லும். உம்மடை சொல்லைக் கேப்பினம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் மேசையைக் காட்டினார். "ஆறு படம் இடமில்லாமல் மிஞ்சிப்போய்க் கிடக்குது. உம்மடை கப்பல்காரனை ஒரு கிழமைக்கு விடுவமே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த வாரம் பதினோராம் அத்தியாயம். அதிகாரி ஒரு கரையோரக் கிராமத்தைப் பீரங்கியால் அடித்துவிட்டு, அன்று மாலையே கப்பலில் இருந்துகொண்டு அதை அழகாக எழுதுகிற இடம். 'பொழுதுபடக் கரை அடங்கியது' என்ற வசனத்தை மூன்று நாளாக இழைத்திருந்தேன். ஊரில் கடற்கரை மணலில் சனம் பீரங்கிச் செல்லடியில் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் நன்றாயிருக்கும். தோன்றியது. அதனால் வசனம் இன்னும் நன்றாக வந்தது.

"தொடர் எண்டால் தொடர் அண்ணை. இடையிலை அறுத்தால் சனம் மறந்திடும். படங்களை அடுத்த கிழமை போடுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சம்பளமில்லாமல் எழுதுகிறவன் கோபித்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயந்திருக்க வேண்டும். படங்களை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை அக்கா பத்திரிகையோடு படியில் நின்றார். "படத்தைக் காணேல்லைத் தம்பி."

"இடமில்லையாம் அக்கா. அடுத்த கிழமை கட்டாயம் வரும்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

அடுத்த வெள்ளி படம் வந்தது. அன்று பின்னேரமே மோர்னிங்சைட் பக்கமிருந்து ஒருவர் அக்காவுக்குப் போன் எடுத்தார். முகாமிலிருந்த அவருடைய மச்சானுக்குப் பக்கத்துக் கூடாரத்தில்தான் அக்காவின் தம்பி இருந்திருக்கிறார். வயிற்றில் காயம். அக்காவின் நம்பர் எழுதிய கொப்பி ஓடிவரும்போது தண்ணீரில் போய்விட்டது. கனடாவோடு பேசுகிற எல்லாரிடமும் அக்காவைத் தெரியுமா என்று கேட்டபடியே கிடந்திருக்கிறார். ஐந்து நாளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, செத்துப்போனார்.

துக்கம் விசாரிக்கப் போன ஆசிரியர் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட்டார். அது தெரிந்துதான் நானும் மேலே போனேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்றிருந்தது. அக்கா கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லாமல் நின்றார்.

"உந்தக் கப்பல்காரன் கடைசியிலை எப்பிடிச் செத்தவன்?"

"நோய் வருத்தம் வந்து அக்கா. வீட்டிலை, கட்டில்லை."

"பக்கத்திலை ஆரும் இருந்தவையே?"

"மகள்மார் இருந்தவை."

"அவையோடை கதைச்சவனே?"

"ஓம். கடைசிமட்டும் கதைச்சவன்."

அக்கா தலையாட்டினார். "அதையும் வடிவா எழுதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த மாதம் எழுதினேன். வடிவாகத்தான் வந்தது.