கோதுக்குள் ஒரு கொண்டை ஊசி

எங்கள் வீட்டில் துவக்கு என் கணவருடையது, தோட்டாவின் வெறும் பித்தளைக் கோது என்னுடையது. இதைச் சொன்னால் மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னில் எங்கட ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கோயிலில் பக்கத்தில் இருந்து மோதகம் சாப்பிட்ட அன்ரி ஒருவர், உமக்கேன் பிள்ளை இந்த வேலை என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மற்றப் பக்கம் திரும்பிவிட்டா. காத்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

என் கணவர் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் வெள்ளைக்கார நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் போகத் தொடங்கி சில வருடங்களாகின்றன. முதல் தடவை 'சாம்பாருக்குப் போறம்' என்றபோது, ஏதோ இந்தியச் சாப்பாட்டுக் கடைக்காக்கும் என்று நான் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். சாம்பார் என்று இவர்கள் சொல்வது எங்கட மரை மானைத்தான். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். விசாத் தொல்லை ஒன்றும் இல்லாமல் வந்திறங்கி, விக்டோரியா மலை முழுக்கப் பெருகிவிட்டன.

மரை சுட கடையில் விற்கிற துவக்கே போதும். ஆனால் இவருக்கு ஆரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். மலையடிவாரத்தில் துவக்குச் செய்யும் ஒரு கிழவரைப் பிடித்து, இரண்டு பேரும் மாதக்கணக்காகத் தொலைபேசியில் குசுகுசுத்து, ஒரு துவக்கைச் செய்வித்தார்கள். அதற்குள் போகும் தோட்டாவை எந்தக் கம்பனியும் செய்வதில்லை. வேறொரு அளவுப் பித்தளைக் கோதுகளை வாங்கி, இரும்பு அச்சுக்குள் வைத்து நெரித்து, வாய்ப்பக்கக் கழுத்தை ஒடுக்கி, அதற்குக் கீழே சரிகிற தோளை இறக்கி, அந்தத் துவக்கு விழுங்குகிற உருவத்துக்கு நாங்களே கொண்டுவர வேண்டும். இப்படியான தோட்டாவுக்கு வைல்ட்கட், காட்டுப்பூனை, என்று பெயர். கடையில் கிடைக்காத சாமான் என்று சொல்லும்போதெல்லாம் இவர் முகத்தில் ஒரு பெருமை. கடையில் கிடைக்காதது என்றால் கஷ்டம்தானே, அதில் என்ன பெருமை என்று நான் கேட்டேன்.

முதல் தொகுதிக் கோதுகளை அவரே செய்தார். அவற்றைத் துவக்குப் பழகும் மைதானத்தில் ஒருமுறை சுட்டும் விட்டார். அப்படி ஒருமுறை சுட்டால்தான் கோது துவக்கின் அறைக்கு அளவாக விரிந்து முழு உருவம் எடுக்கும். இரண்டாம் தொகுதியைத் தொடங்கும்போது குளிர்காலம் வந்துவிட்டது. அச்சில் சிக்காமல் இருக்கக் கோதுக்கு மெல்லியதாக ஒரு மெழுகு பூச வேண்டும். வாங்கி வைத்த மெழுகு முடிந்துபோக, இவர் குசினியிலிருந்து என் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். மெல்பேர்ன் ஜூன் மாதத்தில் தேங்காயெண்ணெய் எப்படியிருக்கும் என்று தலைக்கு வைக்கிற எல்லாருக்கும் தெரியும். கட்டியான எண்ணெயைக் கத்தியால் தோண்டி அப்பியிருக்கிறார். அது அச்சுக்குள் போய்த் திரண்டு, ஒவ்வொரு கோதின் தோளையும் அமுக்கிப் பள்ளமாக்கியது. கடைசியில் ஒன்று அச்சுக்குள் இறுகி, இழுத்தபோது அடி விளிம்பு பிய்ந்துகொண்டு வந்தது. கராஜிலிருந்து வந்த வார்த்தைகளை எழுத முடியாது. பல்கலைக்கழகத்துக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் வந்து பார்த்துவிட்டு, திஸ் இஸ் நொட் நோர்மல் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கராஜ் முழுக்கத் தலைமுழுகப் போகிற வீடு மாதிரி மணந்தது.

அன்றைக்குத்தான் நான், 'எழும்பும்' என்று சொல்லி அவருடைய கதிரையில் இருந்தேன். பழுதாகிப்போன அந்தக் கோதுகளில்தான் முதலில் கை பழகினேன்.

எனக்கு இந்த வேலை ஒட்டியதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கிப் பொதிகட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கத்தரிக்கோலையும் வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. அங்கே அவசரம் என்று ஒருவர் வந்து நின்றாலும், எனக்குத் திருப்தி வராமல் ஒன்றும் என் கையை விட்டுப் போகாது. இவர் அதற்கு நேர் எதிர். ஜன்னல் சட்டம் கொஞ்சம் கோணினாலும் சிலிக்கோன் பூசி மறைக்கலாம் என்று பழகிய கை.

கழுத்தை ஒடுக்க முதல் சூடு காட்ட வேண்டும். கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, சிறிய காஸ் சுவாலையில் கோதின் வாயை மட்டும் பிடித்து உருட்டுவேன். பித்தளையில் ஒரு நீலம் கிளம்பி, மெல்ல மெல்லத் தோள்வரை இறங்கும். அங்கே வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். சூடு போதாவிட்டால் கழுத்து வெடிக்கும், கூடினால் இளகிக் கெட்டுவிடும், அடிக்குச் சூடு போகவே கூடாது. பிறகு துணியில் மெழுகைத் தொட்டு, தொட்டதும் தொடாததுமாகத் தடவி, அச்சில் வைத்து நெம்புகோலை இறக்க வேண்டும். கையில் அது வழுக்கிக்கொண்டு போய் நிற்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெடிமருந்தும் ஈய ரவையும் ஏற்றுவது லைசென்ஸ் உள்ள அவருடைய வேலை. நான் வெறும் கோதோடு நின்றுகொள்வேன். துவக்கை இதுவரை தொட்டதும் இல்லை, தொடப்போவதும் இல்லை.

ஊரில், சண்டைக் காலத்தில், நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது கோது என்பது விடிந்தபிறகு கிடைப்பது. இரவு முழுக்க வெடிச் சத்தம் கேட்கும், காலையில் வேலியோரம் மஞ்சளாகக் கிடக்கும். பொறுக்க ஓடுவோம். அம்மா பின்னால் வந்து கோதுகளைத் தட்டிவிட்டு, முதலில் எங்கள் தலைகளை எண்ணுவா, பிறகு வேலிக்கு மேலால் அயல் வீடுகளைக் கூப்பிட்டு, எல்லாரும் நிற்கினமோ என்று கேட்பா. ஒரு நாள் ஒரு வீட்டிலிருந்து பதில் வரவில்லை. அதனால் கோது என்ற சொல்லே எனக்கு எல்லாம் முடிந்தபிறகு மிஞ்சுவது. இங்கே வந்து அதையே முதல் வேலையாகச் செய்வேன் என்று ஆர் நினைத்தது?

துவக்குச் செய்த கிழவரோடு நானும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினேன். ஒரு நாள், கோது பிழைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அடிப்பக்கம் பிரிந்தால் நெருப்பும் புகையும் பின்னால், சுடுகிறவரின் கண்ணை நோக்கி வரும் என்றார். எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று கேட்டேன். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, சுவரோடு உரசி இழுத்துப் பார், அடிக்குச் சற்று மேலே பள்ளம் தட்டுப்பட்டால் எறிந்துவிடு என்றார். தொலைபேசியை வைத்ததும் தலையிலிருந்து கொண்டை ஊசியைக் கழற்றி, நுனியைக் குறட்டால் வளைத்தேன்.

முதலில் எடுத்தது அவர் செய்து, ஒருமுறை சுட்டு வைத்திருந்த தொகுதியை. வெளியே மினுமினுவென்று ஒரு குறையும் இல்லை. உள்ளே ஊசியை இழுத்தேன். அடிக்குச் சற்று மேலே, மெல்லியதாக, டக் என்று ஒரு தட்டு. இரண்டாவதிலும் தட்டியது. மூன்றாவதிலும் தட்டியது.

அவரைக் கூப்பிட்டேன். அவர் ஊசியை வாங்கி இரண்டு இழுவை இழுத்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்றார். ஆஸ்பத்திரிக் கண்ணால் எதைப் பார்த்தாலும் நோய் வருத்தம்தான் தெரியும் என்று ஒரு பகிடியும் விட்டார். வேட்டைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. நண்பர்களிடம் காட்டுப்பூனையோடு வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தத் தொகுதியை விட்டால் வேறு கோது இல்லை, இன்னும் அச்சில் வைக்காத கோதுகளோடு, பிரிக்காத ஒரேயொரு பெட்டி மட்டும் மிச்சம்.

நான் குறட்டை எடுத்து ஒவ்வொரு கோதின் வாயையும் நசுக்கத் தொடங்கினேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார்.

"ஓம், விசர்தான். இது உங்கட முகத்துக்குப் பக்கத்திலை வெடிக்கிற சாமான். எனக்கு அந்த முகம் வேணும்."

அவர் கையைப் பிடித்துத் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. கடைசிக் கோதை மட்டும் என்னிடமிருந்து வாங்கி, இடுக்கியில் இறுக்கி, இரும்பு அறுக்கும் வாளால் நெடுக்குவாட்டில் அறுத்தார். கோபத்தில்தான் அறுத்தார், நான் பிழை என்று காட்டுவதற்காக. இரண்டு பாதியாகப் பிளந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பித்தளைச் சுவரில் அடிக்கு மேலே சுற்றிவர ஒரு கோடு, அந்த இடத்தில் மட்டும் சுவர் அரைவாசியாக மெலிந்திருந்தது. அவர் பாதியைக் கீழே வைத்துவிட்டுத் தாடையைத் தடவினார். பிறகு உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் மன்னிப்புக் கேட்பது தேத்தண்ணியால்தான்.

பிழை என்னவென்று கிழவர் சொன்னார். இவர் அச்சைத் தேவைக்கு மேல் கீழே இறக்கி வைத்திருக்கிறார், அதனால் தோள் கூடுதலாகப் பின்னுக்குப் போய்விட்டது. துவக்குக்குள் கோது ஆடிக்கொண்டு நிற்கும், சுட்டதும் அந்த இடைவெளிக்கு இழுபட்டு அடி மெலியும். மிஞ்சிய பெட்டியை நான் செய்தேன். அச்சை ஒரு மயிரிழை இறக்குவேன், அவர் வெறும் கோதைத் துவக்கில் வைத்து மூடிப் பார்ப்பார். மூடும்போது கையில் கொஞ்சம் பிடிக்க வேண்டும், லேசாக மூடினால் பிழை. கராஜில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிடிக்குதோ என்று நான் கேட்பேன், இன்னும் கொஞ்சம் என்று அவர் சொல்லுவார். அந்தச் சனிக்கிழமை போல ஒரு சந்தோஷமான நாள் எங்களுக்குக் கனகாலமாக வாய்க்கவில்லை. மத்தியானம் சமைக்கவும் மறந்து, பாணும் சம்பலும் தின்றோம்.

அடுத்த நாள் அவற்றை மைதானத்தில் சுட்டுக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்குள்ளும் ஊசியை விட்டேன். ஒன்றிலும் தட்டவில்லை. சரி, கொண்டு போங்கோ என்றேன். என்றாலும் அவர் வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டபோது, வாகனம் மூலை திரும்பும்வரை வாசலில் நின்றேன். மைதானத்தில் சுட்டது ஒருமுறை, மலையில் அதே கோது இரண்டாம் முறை வெடிக்கப்போகிறது. மலைக்குள் தொலைபேசி எடுக்காது. இரண்டு நாளும் தேவையில்லாமல் அலுமாரிகளைத் துடைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் வாகனச் சத்தம் கேட்டது. நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் சேற்றுச் சப்பாத்தோடேயே உள்ளே வந்தார். சப்பாத்தைப் பார்த்து வழக்கம்போல் ஏசவேண்டியவள், முகத்தைத்தான் பார்த்தேன். குளிரில் உதடு வெடித்து, இரண்டு நாள் தாடியோடு, இரண்டு கண்ணும் சிரித்துக்கொண்டு நின்றார். மரை கிடைத்ததா, இறைச்சி எங்கே என்று நான் கேட்க முதல் கையை விரித்தார். உள்ளங்கையில், சுட்டு முடிந்த ஒரு கோது.

"முதலிலை இதைப் பாரும்" என்றார்.

கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து உள்ளே விட்டு இழுத்தேன். வழுவழுவென்று போய் வந்தது. இன்னொருமுறை இழுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கத்தரிக்காய் வெட்டி ஆரும் அழுவதில்லை என்று தெரிந்தும் மறைக்க ஒன்றும் செய்யவில்லை. ஊரில் கோதைக் கண்டால் ஆளைத் தேடுவோம். இந்தக் கோதை ஆளே கையில் கொண்டுவந்து தந்திருக்கிறார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்" என்றேன்.