பிழைத்துவிட்டதாக நான் சொன்ன குட்டிகள்

பனிச்சிறுத்தையைப் பற்றிய ஐம்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றில் பனிச்சிறுத்தை வந்தது ஆறு நிமிடம். அதைத் தேடிப் போன தொகுப்பாளரின் முகம் வந்தது இருபத்தொரு நிமிடம். மிச்சத்தில் மலை, மேகம், அவர் போட்டிருந்த பூட்ஸ், அவர் ஏறி வந்த ஜீப். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் குறித்தது இது. அரை நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்.

எண்ணுவதுதான் என் தொழிலாக இருந்தது. புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கால்நடைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய் ஆடு, மாடு, கோழி எண்ணியவர்களின் தாள்களைச் சரிபார்ப்பதிலேயே பாதிக் காலம் போயிற்று. கட்டிப்போட்ட மாட்டை எண்ணுவதில் எத்தனை பிழை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு தொகுப்பாளர் கேமராவைப் பார்த்து, இந்தக் காட்டில் இன்னும் இத்தனைதான் மிச்சம் என்று சொன்னால், யார் எண்ணினார்கள், ஒன்றையே இரண்டு முறை எண்ணாமலிருக்க என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர் அதைச் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சூரிய அஸ்தமனத்தைப் பார்ப்பார்.

நானும் மனைவியும் டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறோம். மகளும் மருமகனும் எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஆறாகும். போன வருடம் மனைவிக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவள் வெளியே போவது குறைந்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டிலிருந்து நான்கு வரை டிவி. சீரியல் பார்த்தால் எனக்குத் தலைவலி, செய்தி பார்த்தால் அவளுக்கு. விலங்குகளில்தான் இருவரும் ஒத்துப்போனோம்.

அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். வேகமாகப் பேசினால்தான் பிடிபடாது. தொகுப்பாளர்களின் உச்சரிப்பு வேறு ஆளுக்கொரு விதம். ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

எனக்குப் பிடித்தவர் முகமே காட்டாத ஒரு பெண்மணி. ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு யானை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பேசமாட்டார். பிடிக்காதவர் தாடி வைத்த ஓர் ஆள். எதைப் பார்த்தாலும் ஓடுவார், புதருக்குள் கையை விடுவார், மூச்சு வாங்கிக்கொண்டே நம்மிடம் பேசுவார். பாம்பு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாருங்கள், எவ்வளவு கோபமாக இருக்கிறது என்பார்.

"என்ன சொல்றார்?" என்று மனைவி கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. கொசு கடிக்குதாம்."

"இவ்வளவு நேரம் பேசினாரே."

"நிறைய கொசு."

பின்னணி இசையையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் சிங்கக் குட்டிகளுக்குப் பசி என்று வயலின் வாசிப்பார்கள். தாய்ச் சிங்கம் மானைப் பிடித்தால் நமக்கு நிம்மதி வரும். அடுத்த வாரம் அதே மாதிரிப் புல்வெளியில் மான் குட்டிக்கு வயலின். "யாருக்காக அழணும்னு முதல்ல அவங்களை ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க" என்றாள் அவள்.

ஆனால் அழுதாள். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், ஆற்றைக் கடந்த மான் குட்டி ஒன்றை முதலை இழுத்துக்கொண்டு போனது. தொகுப்பாளர் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று மகள் கெஞ்சி, அரை இட்லி உள்ளே போயிற்று. மறுநாள் ஓநாய் துரத்திய ஒரு குட்டியைப் பற்றி, "தப்பிச்சிடுச்சு" என்று சொன்னேன். அவள் இரவு மூன்று இட்லி சாப்பிட்டாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. பெரும்பாலும் கொல்லும் காட்சியை முழுதாகக் காட்டமாட்டார்கள். கேமரா புல்லைக் காட்டும், வானத்தைக் காட்டும். அந்த இடைவெளியில் நான் குட்டியைக் காப்பாற்றிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ரிமோட்டை வாங்கி எதையோ அழுத்தினாள். "அம்மா, இதுல தமிழ் ஆடியோவே இருக்கும்மா. செட்டிங்ஸ்ல சேஞ்ச் பண்ணிட்டேன்."

"இத்தனை நாள் எனக்கொண்ணும் கஷ்டமில்லையே" என்றேன்.

"உங்களுக்குக் கஷ்டம்னு யாருப்பா சொன்னா?" என்றாள் மகள்.

மறுநாள் வந்தது நாங்கள் ஏற்கெனவே பார்த்த நிகழ்ச்சி. வறண்ட நிலத்தில் எழுந்து நிற்க முடியாத ஒரு யானைக் குட்டி. தொகுப்பாளர் அந்தத் தாடிக்காரர். முன்பு பார்த்தபோது, குட்டி எழுந்து கூட்டத்தோடு போய்விட்டதாகச் சொல்லியிருந்தேன். அடுத்த காட்சியில் யானைக் கூட்டம் நடந்து போனதும், அதில் சில குட்டிகள் இருந்ததும் எனக்கு வசதியாகப் போயிருந்தது. இப்போது சுத்தமான தமிழில், வானொலிக் குரல் ஒன்று, மூன்றாம் நாள் காலை குட்டி இறந்துவிட்டது என்றது. தாய் நகரவில்லை என்றது. தாடிக்காரர் ஓடவில்லை, எதையும் தூக்கவில்லை. தூரத்தில் மண்ணில் உட்கார்ந்து, நாங்கள் போய் உதவக்கூடாது, பார்த்துக்கொண்டிருப்பது கடினமாக இருக்கிறது என்று சொன்னார். அதையும் நான் கொசுக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

முடிந்ததும் மனைவி டிவியை அணைத்தாள்.

"எழுந்து போயிடுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இது மாதிரி எத்தனை?"

எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பதினாலு" என்றேன்.

"எண்ணி வேற வச்சிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. பிறகு, "டாக்டர் சொல்றதையும் நீங்கதானே எனக்குச் சொல்றீங்க?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"அதுல எத்தனை?"

"ஒண்ணு."

கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, வலது முழங்கால் நன்றாக ஆறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்றார். இடது முழங்காலும் முன்பு வலது இருந்த நிலையில்தான் இருக்கிறது, ஒரு வருடத்துக்குள் அதையும் செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். மகள் அப்போது காரை நிறுத்தப் போயிருந்தாள். நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். வந்த மகளிடமும் அதையேதான் சொன்னேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டதும் உண்டு.

இப்போது மறுபாதியைச் சொன்னேன். அவள் இடது காலை நீட்டி, முழங்காலில் கை வைத்துக்கொண்டாள்.

"வலிக்கிறது எனக்குங்க. உங்களுக்கில்ல. எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார்னு நினைச்சேன். அப்புறமும் ஏன் வலிக்குதுன்னு நாலு மாசமா எனக்குள்ள பயம். எலும்புல வேற ஏதாவது பெரிசா இருக்குமோன்னு. உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லல."

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் இரண்டிலிருந்து நான்கு வரை நான் சோபாவின் மறுகோடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிவி தமிழ் பேசியது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சண்டை இல்லை. காபி வந்தது, மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். என் சொல்லுக்குத்தான் அந்த வீட்டில் வேலை இல்லை.

பத்தாம் நாள் கிளினிக். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அதில் நான் எப்போதும் 'வேண்டாம்' என்றே குறிப்பேன். மனைவி படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, அவளே குறித்தாள். டாக்டர் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தார். எங்கிருந்தோ ஒரு தமிழ்ப் பெண் பேசினாள். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னாள். அறையில் ஏசி அதிகமாக இருப்பதற்கு அவர் மன்னிப்புக் கேட்டதைக்கூட விடவில்லை. நான் ஓரத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி இரண்டு கேள்விகள் கேட்டாள். என் வழியாக ஒரு நாளும் கேட்காதவை. இன்னொரு ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்கார முடியுமா என்பது ஒன்று. முடியாமல் போகலாம், முயற்சி செய்யாமலிருப்பது நல்லது என்று பதில் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, என்னைக் காட்டி அடுத்ததைக் கேட்டாள்.

"இவருக்கு எழுபத்தெட்டு வயசு. போன தடவை ராத்திரி என்னைத் தூக்கி உட்கார வச்சு இவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. இந்தத் தடவையும் இவர் தூக்கணுமா?"

அந்தப் பெண் அதையும் ஒரு வார்த்தை குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு நர்ஸ் வர ஏற்பாடு செய்கிறேன், அவர் தூக்க வேண்டாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு புது நிகழ்ச்சி. சதுப்புநிலப் பறவைகள், அதே தாடிக்காரர். மனைவி ரிமோட்டில் இரண்டு மூன்று பொத்தானை அழுத்திப் பார்த்தாள். "இதுல தமிழ் இல்ல போலிருக்கு" என்றாள். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க."

"முழுசாவா?"

"அந்தப் பொண்ணு ஏசி வரைக்கும் சொன்னா."

சொன்னேன். பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டதாம், ராத்திரி தூங்கவில்லையாம், கொண்டுவந்த பிஸ்கட் நனைந்துவிட்டதாம். தொகுப்பாளர்களைப் பற்றிய என் கருத்து மாறிவிடவில்லை. ஏழு நிமிடமாகப் பறவையையே காணோம். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. பிறகு அவர் நாணலை விலக்கி ஒரு கூட்டைக் காட்டினார்.

"நேத்து நாலு முட்டை இருந்ததாம்" என்றேன். "இன்னைக்கு மூணுதானாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பாம்பு எடுத்திருக்கும்கிறார்."

"சரி" என்றாள். "மேல சொல்லுங்க."